ராஞ்சேராப் பாடல்களும் மெக்சிகரின் பண்பாட்டுத் தனித்தன்மையும்

முன்னுரை

ஒரு நாட்டு மக்கள் தம்மை இன்னார் என்று தமக்கும் பிறர்க்கும் உணர்த்திக்கொள்ளும் வாயில்கள் பலவற்றுள் பாட்டுத் தலையாயது. கொடியும் இலச்சினையும் ஆட்சியாளர் வகுத்தளிப்பன. பாட்டோ மக்கள் தாமே உவந்து ஏற்றாலன்றி வழங்காது. ஆகவே, ஒரு பாடல் வகை ஒரு நாட்டின் குரலாகவே கொள்ளப்படும்போது, அஃது எங்குத் தோன்றியது, யாரால் வளர்ந்தது, எவரை உள்ளடக்கி எவரை விலக்கியது என்னும் வினாக்கள் வரலாற்று மாணவர்க்கும் இலக்கிய மாணவர்க்கும் ஒருங்கே உரியன ஆகின்றன.

மெக்சிகோ நாட்டில் அந்நிலை எய்தியது 'ராஞ்சேரா' எனப்படும் பாடல் வகை. திருமண விருந்திலும், அன்னையர் நாளிலும், மதுக்கடையிலும், இடுகாட்டிலும் அஃது ஒலிக்கின்றது. அகன்ற விளிம்புடைய தொப்பியும், வெள்ளி அணிகள் வரிசையாய்ப் பதித்த இறுகிய உடையும் பூண்ட இசைஞர் குழு அதனைப் பாடக் காண்போர், எந்நாட்டினராயினும், இது மெக்சிகோ என்று உடனே அறிவர்.

இப்பாடல்களைப் பற்றி இருவேறு கருத்துகள் வழங்குகின்றன. நிலத்தோடு பிறந்த தொன்மரபு. மெக்சிக உழவனின் உள்ளம் கலப்பின்றி வெளிப்படும் இடம் என்பது ஒன்று. வானொலியாரும் படமுதலாளிகளும் அரசும் கூடிச் சமைத்த போலி என்பது மற்றொன்று. முன்னது விழா மேடைகளில் கேட்கப்படுவது. பின்னது கற்றோருட் சிலர் கூறுவது. இவ்விரண்டும் முழுமையுடையன அல்ல என்பதும், இப்பாடலின் உண்மை அது பிறந்த இடத்தினும் அதனைத் தமதாக்கிக்கொண்ட மக்களிடத்தே மிகுதியும் உளது என்பதும் யாம் ஈண்டு நிறுவப் புகுவன.

சொல்லும் பொருளும்

ராஞ்சேரா என்னும் சொல் 'ராஞ்சோ' என்பதன் அடியாகப் பிறந்தது. ராஞ்சோ என்பது சிறு பண்ணை; அதனைச் சூழ்ந்த சிற்றூரையும் குறிக்கும். பெருநிலக்கிழாரின் பெரும்பண்ணை 'அசியெண்டா' எனப்படும். அதனின் இது வேறு. எனவே, ராஞ்சேராப் பாடல் என்பதற்கு நாட்டுப்புறப் பாடல் என்பதே நேர்ப்பொருள்.

இப்பெயரே ஓர் உண்மையை உணர்த்துகின்றது. ஊரில் வாழ்பவன் தான் பாடும் பாட்டை 'ஊர்ப்பாட்டு' என்று அழைப்பதில்லை. அவனுக்கு அது வெறும் பாட்டே. காதற்பாட்டு, தாலாட்டு, ஆட்டப்பாட்டு எனப் பொருள்பற்றியும் தொழில்பற்றியும் பெயரிடுவானேயன்றி இடம்பற்றிப் பெயரிடான். ஊரை விட்டு நீங்கி நின்று நோக்குவோனுக்கே அது நாட்டுப்புறத்துப் பாட்டாகத் தோன்றும். ஆகவே, இவ்வகையின் பெயர் நகரத்தார் இட்ட பெயர் என்று கொள்ளுதல் பொருந்தும்.

இசை அமைப்பால் ராஞ்சேரா பெரும்பாலும் மூவகைத் தாளங்களில் அமையும். இரண்டன் எண்ணிக்கையில் விரைந்து செல்வது ஒன்று. மூன்றன் எண்ணிக்கையில் ஊசலாடுவது ஒன்று. நான்கன் எண்ணிக்கையில் தாழ்ந்து செல்லும் 'பொலேரோ' நடை மற்றொன்று. பாடுபொருளோ காதல், கைவிடப்படுதல், மது, குதிரை, பிறந்த மண், சாவு என்பனவாம்.

மெக்சிகரின் மற்றொரு புகழ்பெற்ற வகையாகிய 'கொரிதோ' என்பதினின்று இதனை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். கொரிதோ கதைப்பாடல். நிகழ்ந்த போரையோ கொலையையோ நாளும் இடமும் சுட்டி, நிகழ்ச்சியைக் கண்டான் ஒருவன் கூற்றாக உரைப்பது. ராஞ்சேரா கதை கூறுவதன்று. 'நான்' என்று தொடங்கித் தன் நெஞ்சைத் தானே திறந்து காட்டுவது. வரலாற்றின் பெரு நிகழ்ச்சிகள் கொரிதோவில் இடம்பெற்றன. அந்நிகழ்ச்சிகளால் இருப்பிடம் பெயர்ந்த தனி மாந்தரின் உள்ளம் ராஞ்சேராவில் இடம்பெற்றது எனலாம்.

மரியாச்சி: ஒரு சொல்லாராய்ச்சி

ராஞ்சேராவுக்கு இன்று இன்றியமையாத் துணையாக விளங்குவது 'மரியாச்சி' என்னும் இசைக்குழு. மேற்கு மெக்சிகோவின் ஹலிஸ்கோ, நயரித், கொலிமா, மிச்சோவாகான் ஆகிய பகுதிகள் இதன் தாயகம். வயலின்கள், ஐந்து நரம்புடைய சிறிய 'விவேலா', ஆறு நரம்பும் பருத்த வயிறும் உடைய 'கிதாரோன்', கிதார், டிரம்பெட் என்னும் ஊதுகருவி ஆகியன இன்றைய குழுவில் இடம்பெறுவன.

மரியாச்சி என்னும் சொல் திருமணத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லாகிய 'மரியாழ்' என்பதன் திரிபு என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. 1862 முதல் 1867 வரை பிரெஞ்சுப் படை மெக்சிகோவில் தங்கியிருந்தது; அப்போது பிரெஞ்சுக்காரர் தம் திருமணங்களுக்கு ஊர் இசைஞரை அழைத்தனர்; அதனால் இசைஞர்க்கு அப்பெயர் வந்தது என்பது அவர் கூறும் காரணம். ஒலியொப்புமை ஒன்றே பற்றி எழுந்த இக்கொள்கையை ஒரு கடிதம் வீழ்த்தியது. இன்றைய நயரித் மாநிலத்து ரோசாமொராதா என்னும் ஊரின் பாதிரியார் 1852ஆம் ஆண்டில் குவாதலஹாரா நகரத்து ஆயருக்கு எழுதிய முறையீட்டில், குடியும் சூதும் ஆரவாரமும் மிக்க கூட்டங்கள் அப்பகுதியில் 'மரியாச்சி' என்று வழங்கப்படுவதைக் குறித்துள்ளார். பிரெஞ்சுப் படை வருவதற்குப் பத்தாண்டுகட்கு முன்னரே அச்சொல் வழக்கில் இருந்தது என்பது இதனால் தெளிவாகும். இக்கடிதம் 1981இல் வெளிச்சத்திற்கு வந்தது.

இச்செய்தி இரண்டு பாடங்களைத் தருகின்றது. மேலை இசைஞர் மரபு அயலாரைச் சாராது நிலவியது என்பது ஒன்று. ஆகவே எல்லாமே நகரத்தார் சமைத்த போலி என்பார் கூற்று நிரம்பாது. பாதிரியாரால் இழிவாகக் கருதப்பட்ட அக்கூட்டமே ஒரு நூற்றாண்டிற்குள் நாட்டின் பெருமையாகக் கொள்ளப்பட்டது என்பது மற்றொன்று. ஆகவே இதனைத் தொன்றுதொட்டுப் போற்றப்பட்ட மரபு என்பார் கூற்றும் நிரம்பாது. இடையில் நிகழ்ந்தது யாது என்பதே நாம் காண வேண்டுவது.

நகரில் உருப்பெற்ற நாட்டுப்புறம்

1876இல் ஆட்சியைக் கைப்பற்றிய போர்பிரியோ தியாஸ், இடையே ஒரு நான்காண்டு நீங்கலாக, 1911 வரை நாட்டை ஆண்டார். அவர் காலத்துச் செல்வர் பாரிசு நகரத்தையே நோக்கி வாழ்ந்தனர். இத்தாலிய இசை நாடகமே உயர்ந்ததெனப் போற்றப்பட்டது. 1910இல் வெடித்த புரட்சி இந்நிலையை மாற்றியது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீடித்த போரில் ஊர்கள் பாழ்பட்டன. உழவர் படைவீரராகி நாடெங்கும் அலைந்தனர். எண்ணற்றோர் தலைநகரில் அடைக்கலம் புகுந்தனர். போர் ஓய்ந்தபின், சிதறிய மக்களை ஓரினமாக இணைக்கும் குறியீடுகளை அரசும் அறிஞரும் தேடினர். இசையறிஞர் மானுவேல் போன்சே மெக்சிகப் பாடலின் மதிப்பை வலியுறுத்தி 1913இலேயே சொற்பொழிவாற்றியிருந்தார். தலைநகரத்து நாடக மேடைகளிலும் கூடார அரங்குகளிலும் நாட்டுப்புறக் கோலம் பூண்டு பாடும் வழக்கம் பெருகியது.

மேலை இசைஞரும் தலைநகர் நோக்கி வந்தனர். ஹலிஸ்கோவின் கொகூலா என்னும் ஊரினர் ஒருவர் 1925இல் மெக்சிகோ நகரின் கரிபால்தி சதுக்கத்தில் 'தெனாம்பா' என்னும் மதுக்கூடத்தைத் திறந்தார். தம் ஊர்ப்பக்கத்து இசைஞர்க்கு அங்கு அவர் இடமளித்தார். சதுக்கம் இசைஞர் கூடி வேலை எதிர்நோக்கி நிற்கும் இடமாயிற்று. இன்றும் அவ்வாறே உள்ளது. தெகாலித்லான் ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காஸ்பர் வர்காஸ் தொடங்கிய குழு, அவர் மகன் சில்வெஸ்திரே காலத்தில், 1934ஆம் ஆண்டை ஒட்டித் தலைநகரில் நிலைகொண்டது. ஊரில் செவிவழியாகக் கற்ற இசை, நகரில் எழுத்திட்டுப் பயிலும் இசையாக மாறுதற்கு இக்குழு பெரிதும் காரணமாயிற்று. இசையமைப்பாளர் ரூபேன் புயெந்தேஸ் 1940களில் இதன்கண் சேர்ந்தார், வயலின்கள் பெருகின, டிரம்பெட் நிலையாக இடம்பெற்றது, பழைய யாழ் பின்னடைந்தது.

1930ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் மெக்சிகோ நகரில் தொடங்கப்பெற்ற 'எக்ஸ்.இ.டபிள்யூ.' வானொலி நிலையம் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. தலைநகரத்தில் பாடிய பாட்டு, எழுத்தறியா உழவனின் குடிலிலும் அதே இரவில் கேட்டது. நாட்டுப்புறப் பாட்டு நகரத்திலிருந்து நாட்டுப்புறத்திற்குச் செல்லும் புதுமை அப்போது நிகழ்ந்தது.

அக்காலத்துக் குடிமதிப்பு எண்களை நோக்கின் பாடல்களின் ஏக்கத்திற்குக் காரணம் விளங்கும். தலைநகரை உள்ளடக்கிய கூட்டரசு மாவட்டத்தில் 1930இல் இருந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம். 1960இல் ஏறத்தாழ 49 இலட்சம். முப்பதாண்டில் நான்கு மடங்கு. 1930இல் நாட்டு மக்களுள் மூன்றில் ஒரு பங்கினரே நகரவாணர். 1960இல் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் நகரவாணர் ஆயினர். ராஞ்சேரா ஓங்கி வளர்ந்த காலமும் இம்முப்பதாண்டே. ஊர் காலியாகிய காலத்தில் ஊர்ப்பாட்டு உச்சம் பெற்றது. இது தற்செயல் அன்று. இழந்ததையே மாந்தர் பாடுவர்.

திரையில் தோன்றிய பண்ணை

1936இல் பெர்னாந்தோ தே புயெந்தேஸ் இயக்கிய 'அயா என் எல் ராஞ்சோ கிராந்தே' என்னும் திரைப்படம் பெருவெற்றி பெற்றது. இதன் பெயர்க்குப் பெரும்பண்ணையின்கண் என்பது பொருள். ஸ்பானிய மொழி வழங்கும் நாடெங்கும் இது பரவியது. ஒளிப்பதிவாளர் கபிரியேல் பிகேரோவாவுக்கு 1938இல் வெனிசு திரைப்பட விழாவில் பரிசு கிடைத்தது. இப்படத்தைப் பின்பற்றி எழுந்த படங்கள் 'ராஞ்சேரா இன்பியல்' என்னும் தனி வகையாயின. நல்லுள்ளம் படைத்த பண்ணையார், அவர்பால் அன்புடைய பணியாளர், சேவற்போர், குதிரைப் பந்தயம், பாட்டுப் போட்டி, இறுதியில் திருமணம் என்பது இவற்றின் வார்ப்பு. முதற்படத்தின் நாயகராகிய தீதோ கீசார் அதற்கு முன் நியூயார்க்கு நகர வானொலியில் பாடி வந்தவர் என்பதும் குறிக்கத்தக்கது.

இப்படம் வெளிவந்த காலத்தில் நாட்டில் நிகழ்ந்தது யாது? 1934 முதல் 1940 வரை குடியரசுத் தலைவராக இருந்த லாசரோ கார்தெனாஸ், ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் எக்டேர் நிலத்தை உழவர்க்குப் பகிர்ந்தளித்தார். பெரும்பண்ணைகள் உடைபட்டுக்கொண்டிருந்தன. உழவர் எந்தப் பண்ணையாரை எதிர்த்துக் குருதி சிந்தினரோ, அப்பண்ணையாரின் அன்பு நிறைந்த இல்லமே திரையில் மெக்சிகோவின் இலக்கணமாகக் காட்டப்பட்டது. உண்மைப் பண்ணை மறையுந்தோறும் பாட்டுப் பண்ணை ஒளிபெற்றது.

உடையும் இத்தகையதே. இசைஞர் இன்று அணியும் 'சார்ரோ' உடை குதிரைமீது செல்லும் நிலக்கிழார்க்கு உரியது. தியாசின் ஊர்க்காவற் படையினரும் அதன் சாயலில் உடுத்தனர். ஊர்களில் பாடிய பழைய மரியாச்சிகளோ, பிற உழவரைப் போல, வெண்பருத்தி ஆடையும் தோற்செருப்பும் பூண்ட எளியோர். ஆண்டையின் உடையைப் பணியாளன் அணிந்து நாட்டின் குறியீடாக நின்றான். இதனை அடிமை மனப்பான்மை எனக் கடிவாரும் உளர். மறுக்கப்பட்ட மதிப்பைத் தானே எடுத்துக்கொண்டான் எனப் போற்றுவாரும் உளர். இரண்டும் ஒருங்கே உண்மை என்பது எமது கருத்து.

இக்குறியீடு பலரை விலக்கியது என்பதையும் மறைத்தல் ஆகாது. வெராகுருசுக் கடற்கரையின் யாழிசை, வாஸ்தேகப் பகுதியின் உச்சக்குரற் பாட்டு, வட எல்லையின் அக்கார்டியன் இசை, தெற்கே வாழும் பழங்குடியினரின் பன்மொழிப் பாடல்கள் எனப் பல்வேறு மரபுகள் அந்நாட்டில் உள. அவற்றையெல்லாம் விடுத்து மேற்கு நாட்டு மரபு ஒன்றே நாடு முழுமைக்கும் உரியதாக உயர்த்தப்பட்டது. அதிலும் ஒரு முரண் உண்டு. திருச்சபையை அடக்க முற்பட்ட புரட்சி அரசை எதிர்த்து, 1926 முதல் 1929 வரை கிறித்தேரோ போர் நிகழ்ந்தது. அப்போரில் முன்னின்ற பகுதிகளுள் ஹலிஸ்கோ ஒன்று. அரசோடு பொருத அம்மண்ணே, பத்தாண்டு கழியுமுன் அரசு போற்றும் நாட்டுருவமாயிற்று. பகைத்த பகுதியைப் பாட்டால் அணைத்துக்கொண்டனர் போலும்.

ஆண்மை என்னும் கோலம்

1941இல் வெளிவந்த 'ஆய் ஹலிஸ்கோ, நோ தே ராஹேஸ்' என்னும் படம் ஹோர்ஹே நெகிரேத்தே என்னும் நடிகரைப் புகழின் உச்சியில் ஏற்றியது. அவர் படைக்கல்லூரியில் பயின்றவர்; இசை நாடகத்துக்கெனக் குரலைப் பண்படுத்தியவர். நிமிர்ந்த நடையும் அஞ்சாப் பேச்சும் உடைய மெக்சிக ஆண்மகன் என்னும் உருவம் அவரால் நிலைபெற்றது. படத்தின் பெயரில் உள்ள 'ராஹார்சே' என்னும் வினை, பிளவுபடுதல் என்னும் பொருளது; சொன்ன சொல்லினின்று பின்வாங்குதலையும் உள்ளத்தைப் பிறர்க்குத் திறந்து காட்டுதலையும் வழக்கில் குறிக்கும். ஒக்தாவியோ பாஸ் 1950இல் வெளியிட்ட தம் கட்டுரை நூலில் இச்சொல்லை எடுத்தாராய்ந்து, பிளவுபடாது மூடிய நிலையில் இருத்தலே மெக்சிகன் ஆண்மை எனக் கருதுவது என்றார்.

இவ்வியல்பு தொன்மையானதா? தெக்சாசு நாட்டுப்புறவியல் அறிஞர் அமெரிகோ பரேதேஸ் 1967இல் எழுதிய கட்டுரையில் இவ்வினாவை எழுப்பினார். புரட்சிக் காலத்துக் கொரிதோப் பாடல்களில் வீரரைக் குறிக்க 'ஆண்மகன்', 'வீரன்' என்னும் பொதுச் சொற்களே பயின்றன. செருக்கு மிக்க ஆண்மையைக் குறிக்கும் 'மாச்சோ' என்னும் சொல் 1940களை ஒட்டியே பாடல்களில் பெருகிற்று என்று அவர் காட்டினார். பழம்பண்பு என்று கருதப்பட்டது திரைப்படத்தின் ஒத்த வயதினது என்பது இதனால் பெறப்படும். சொல் வழக்கின் காலத்தை நுணுகி ஆராய்தல் எத்துணைப் பயனுடைத்து என்பதற்கும் இது சான்று.

பேத்ரோ இன்பாந்தே இவ்வுருவத்தைச் சிறிது நெகிழ்த்தார். இளமையில் தச்சுத்தொழில் செய்த அவர், 1948இல் வெளிவந்த படம் ஒன்றில் நகரத்து ஏழைத் தச்சனாகவே நடித்தார். அழவும் சிரிக்கவும் அறிந்த எளிய மாந்தனைக் காட்டினார். 1957 ஏப்ரல் 15ஆம் நாள் வானூர்தி நேர்ச்சியில் அவர் மறைந்தபோது நாடு தன் வீட்டுப்பிள்ளையை இழந்ததுபோல் அழுதது.

ஹிமெனெஸ்: தோல்வியைப் பாடிய புலவர்

ராஞ்சேராவைத் திரைக்கோலத்தினின்று மீட்டு மாந்தர் நெஞ்சிற்குக் கொணர்ந்தவர் ஹொசே அல்பிரெதோ ஹிமெனெஸ். 1926 சனவரி 19ஆம் நாள் குவானஹுவாதோ மாநிலத்துத் தொலோரெஸ் இதால்கோ என்னும் சிறுநகரில் பிறந்தார். மருந்துக்கடை நடத்திய தந்தை 1936இல் இறந்தபின் குடும்பம் தலைநகர் புகுந்தது. இளைஞர் ஹிமெனெஸ் காற்பந்துக் குழுவில் இலக்குக் காப்பாளராக ஆடினார். உணவுவிடுதியில் பரிமாறுபவராகப் பணிசெய்தார். எந்த இசைக்கருவியையும் மீட்ட அறியார். இசைக்குறி எழுதவும் படிக்கவும் அறியார். உள்ளத்தில் தோன்றிய மெட்டைச் சீழ்க்கையாகவும் வாய்ப்பாட்டாகவும் வெளியிட, ரூபேன் புயெந்தேஸ் அதனைக் குறித்து இசைக்குழுவிற்கு அமைத்துக் கொடுத்தார். 1950இல் இவர்தம் பாடல் ஒன்று இசைத்தட்டாகி வெற்றிபெற்றது. பின்னர் நூற்றுக்கணக்கான பாடல்கள் பிறந்தன.

இவர் பாடல்களில் பண்ணையார் இல்லை. பந்தயக் குதிரைகளும் அருகியே வரும். மதுக்கடையின் மேசையும், பிரிந்து சென்ற காதலியும், விடியுமளவும் உறங்காத தனியனுமே உள்ளனர். பாடுவோன் செருக்கோடு தொடங்குவான். ஆயின் அச்செருக்கினூடே தோற்றவன் என்பதை அவனே ஒப்புக்கொள்வான். பிளவுபடாதிருத்தலே ஆண்மை என்று திரை கற்பித்தது. பிளவுபடுதலையே பாட்டாக்கினார் ஹிமெனெஸ். மெக்சிக ஆடவன் பிறர் முன் அழுவதற்கு உலகம் இசைந்த ஒரே இடமாக இப்பாடல் அமைந்தது. நகரில் வேரற்று வாழ்ந்த மக்கள் இவர் பாடல்களைத் தம் வாழ்வாகவே கொண்டனர். சமைக்கப்பட்ட கோலத்தினுள் உண்மை புகுந்த வரலாறு இது.

ராஞ்சேரா பாடப்படும்போது இடையிடையே எழும் நீண்ட கூவலுக்குக் 'கிரீதோ' என்று பெயர். பாடுவோரே அன்றிக் கேட்போரும் அடக்க மாட்டாது அதனை எழுப்புவர். அழுகையும் களிப்பும் அதன்கண் விரவிக் கிடக்கும். மெக்சிகரின் விடுதலைப் போரைத் தொடங்கிய அறைகூவலுக்கும் இதுவே பெயர். 1810 செப்டம்பர் 16ஆம் நாள் மிகேல் இதால்கோ என்னும் பாதிரியார் மக்களைத் திரட்டி அவ்வறைகூவலை எழுப்பிய ஊர், ஹிமெனெஸ் பிறந்த அதே தொலோரெஸ் ஆகும். ஆண்டுதோறும் செப்டம்பர் 15 இரவில் நாட்டின் தலைவர் அரண்மனை மாடத்தில் நின்று அதனை மீண்டும் முழங்குவது மரபு. நாடு பிறந்த ஒலிக்கும் தனியொருவன் துயர் வெடிக்கும் ஒலிக்கும் ஒரே சொல் வழங்குதல் மெக்சிகரின் உள்ளத்தை அறிவதற்கு ஒரு திறவுகோல் எனலாம். 1973இல் கல்லீரல் நோயால் இறந்த ஹிமெனெஸ் அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பெருந்தொப்பியும் வண்ணக் கம்பளமும் போன்ற வடிவில் அவர் கல்லறை அமைந்துள்ளது.

பெண்டிர் குரல்

ஆண்மையின் கோலம் என்று கருதப்பட்ட இப்பாடலைப் பெண்டிர் தமதாக்கிக்கொண்ட வரலாறு எமது கருத்திற்கு வலிய சான்று. 1906இல் குவாதலஹாராவில் பிறந்த லூச்சா ரேயெஸ் இளமையிலேயே கூடார அரங்குகளில் பாடியவர். தூய உச்சக்குரல் வாய்ந்தவர். 1920களில் செருமனியில் பாடச் சென்றபோது நோயுற்றுக் குரலை இழந்தார். நெடுநாட் கழித்து மீண்ட குரல் தடித்துக் கரகரத்திருந்தது. அக்குரலாலேயே விம்மியும் சினந்தும் பாடினார். மரியாச்சியோடு பாடும் பெண்டிர்க்கு இன்றும் இலக்கணமாக விளங்கும் வீறுநடை அவ்வாறு தோன்றியது. 1944இல் அவர் மறைந்தார். சினலோவாவில் பிறந்த லோலா பெல்திரான் (1932–1996) அந்நடையை உலக அரங்குகளுக்குக் கொண்டு சென்றார்.

சாவேலா வர்காஸ் வரலாறு இன்னும் வியப்புடையது. 1919இல் கோஸ்தாரிக்கா நாட்டில் பிறந்து, இளமையில் மெக்சிகோ புகுந்தவர் அவர். மரியாச்சியின் முழக்கத்தை விலக்கிக் கிதார் ஒன்றையே துணையாகக் கொண்டார். காற்சட்டையும் எளிய போர்வையும் அணிந்து பாடினார். பெண்ணை விளித்து ஆடவன் கூற்றாக இயற்றப்பட்ட பாடல்களை ஒரு சொல்லும் மாற்றாது பாடினார். தாம் பெண்டிரையே விரும்பியவர் என்பதை முதுமையில் வெளிப்படவும் கூறினார். மதுவால் நலிந்து நெடுங்காலம் மறக்கப்பட்டு, 1990களில் மீண்டு வந்து, மெக்சிகோவிலும் ஸ்பெயினிலும் பெரும்புகழ் எய்தி, 2012இல் மறைந்தார். அயல்நாட்டில் பிறந்தவர், பெண், திரை வகுத்த ஒழுக்கத்திற்கு அமையாதவர். ஆயினும் மெக்சிகோவின் குரல் என்று அந்நாட்டினரே அவரைக் கொண்டனர். தனித்தன்மை என்பது பிறப்பால் மட்டும் வருவதாயின் இஃது எங்ஙனம் இயலும்?

எல்லைக்கு அப்பால்

1942 முதல் 1964 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளுடன் செய்துகொண்ட 'பிரசேரோ' உடன்படிக்கையின்கீழ் 45 இலட்சத்திற்கு மேற்பட்ட பணியொப்பந்தங்கள் எழுதப்பட்டன. மெக்சிக உழவர் எல்லை கடந்து பிறர் வயல்களில் பாடுபட்டனர். அவர்க்குப் பிறந்த மண்ணைப் பற்றிய பாடல் வெறும் பொழுதுபோக்கு அன்று. தலைநகர் புகுந்தோர்க்கு ஊர் எவ்வாறு நினைவாயிற்றோ, எல்லை கடந்தோர்க்கு நாடே அவ்வாறு நினைவாயிற்று. அரிசோனாவில் பிறந்து ஆங்கிலப் பாடல்களால் புகழ்பெற்ற லிண்டா ரான்ஸ்டாட், தம் தந்தையார் பாடிய பாடல்களை 1987இல் ஸ்பானிய மொழியிலேயே இசைத்தட்டாக வெளியிட்டார். 20 இலட்சத்திற்கு மேற்பட்ட படிகள் விற்பனையாயின. முன்பு ஹிமெனெசுக்கு இசையமைத்த ரூபேன் புயெந்தேசே இதற்கும் துணைநின்றார்.

தாய்நாட்டிலும் எல்லைகள் நெகிழ்ந்தன. எளிய குடியில் பிறந்து எல்லைநகராகிய சியுதாத் ஹுவாரெசில் வளர்ந்த ஹுவான் கபிரியேல், 1990இல் தலைநகரத்து நுண்கலை மாளிகையில் நாட்டுச் சிம்பொனி இசைக்குழுவோடு பாடினார். உயர்கலைக்கென அமைந்த அரங்கில் மக்கட்பாட்டு ஒலிப்பதா எனச் சிலர் வெகுண்டனர். இன்று அந்நிகழ்ச்சி பெருமையோடு நினைக்கப்படுகின்றது. 2011இல் யுனெசுகோ மரியாச்சி இசையை மாந்தர் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ராஞ்சேராவின் இறுதிப் பெருந்தலைவர் எனப்பட்ட விசென்தே பெர்னாந்தேஸ் 2021 டிசம்பர் 12ஆம் நாள் மறைந்தபோது எல்லையின் இருமருங்கும் மக்கள் அழுதனர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. ராஞ்சேரா பழமையான மேலை இசை மரபை வேராகக் கொண்டது. ஆயின் இன்றைய வடிவில் அது புரட்சிக்குப் பின் நகரத்தில், மேடை, வானொலி, திரை, இசைத்தட்டு என்னும் நால்வகை வாயிலாக உருப்பெற்றது. அது காட்டிய பண்ணை உண்மைப் பண்ணை அன்று. அது போற்றிய ஆண்மை தொன்மையானது அன்று. அது நாடு முழுமையையும் தழுவவும் இல்லை. இவற்றை ஆராய்ச்சியாளர் மறைத்தல் பிழை.

ஆயினும் போலி என்று அதனை ஒதுக்குதல் அதனினும் பெரும் பிழை. பண்ணை பொய்யாயினும் பண்ணையை இழந்தோர் துயர் பொய்யன்று. ஊரை விட்டு வந்தவன், ஊர் இருந்தவாறு பாடவில்லை. தான் இழந்தவாறு பாடினான். அவ்விழப்பே அவனையும், எல்லை கடந்த உழவனையும், குரலை இழந்து மீட்ட பெண்ணையும், அயல்நாட்டிற் பிறந்த பாடகியையும் ஒரே அவையில் அமர்த்திற்று. ஒரு பாட்டு யார் செய்தது என்பதனோடு ஆராய்ச்சி அமைந்துவிடின் பாதி உண்மையே கிட்டும். யார் அதனைப் பாடி அழுதனர் என்பதையும் கேட்டல் வேண்டும். நாட்டுப் பாடல்களின் தொன்மையை நிறுவுவதிலேயே பேரூக்கம் காட்டும் நம் போன்றோர்க்கு, மரபு என்பது பெற்ற பொருள் மட்டும் அன்று, ஒவ்வொரு தலைமுறையும் தானே ஈட்டிக்கொள்ளும் பொருளுமாம் என்பதை மெக்சிகரின் இப்பாடல்கள் உணர்த்துகின்றன.